இடப்பக்கத்து வெளிச்சம்

அப்பா வந்திருந்தார், சித்தப்பா வந்திருந்தார், தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டிலிருந்து பெரியம்மாவும் வந்திருந்தாள். அம்மா வரவில்லை. ஹந்தானை மலையில் தேயிலைக் கொழுந்து மண்டியிருந்த வாரம் அது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் அன்றைய சம்பளம் விழாது. கண்டியில் ஒரு மண்டபத்தில் பாடசாலைகளுக்கிடையே கோலாட்டப் போட்டி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட மேடை ஏறிய முதல் ஆள் நான். ஒன்பது வயது.

சித்தப்பா கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர். கெமராவிலேயே ஃப்ளாஷை வைத்து அடித்தால் ஆடுகிறவர்களின் முகம் சுண்ணாம்பு பூசினதுபோல் வரும் என்று, தனி ஃப்ளாஷ் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து மேடையின் இடப்பக்கம் ஸ்டாண்டில் நிறுத்தினார். தான் கீழே நடுவில் நின்றார். அங்கே அழுத்தினால் இங்கே மின்னும்.

"அம்மா பாக்கப்போறது போட்டோவுலதான்டா. மூஞ்சி தெளிவா தெரியணும்."

நான் அதற்குமுன் படமெடுத்துக்கொண்டது ஒரே தடவை, ஸ்டூடியோவில். அங்கே அசையாமல் வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஆகவே முதல் தடவை மின்னியதும் கோலை உயர்த்தியபடியே நின்றுவிட்டேன். இடப்பக்கம் திரும்பிப் பல் தெரியச் சிரித்தேன். எனக்கு ஜோடியாக ஆடிய பெரியம்மா மகளின் கோல் என் மணிக்கட்டில் விழுந்தது.

"ஆடுடா எரும! இது என்னா ஸ்டூடியோவா?" என்றாள்.

ஆடினேன். மறுபடி மின்னியது, மறுபடி நின்றேன். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள். சபை சிரித்தது. இதைச் சொல்லச் சொல்ல இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல்தான் வருகிறது. அன்றைக்கோ, வலியையும் வெட்கத்தையும் அம்மாவுக்காகப் பொறுத்துக்கொள்வதாக நினைப்பு. வந்திருந்த மூன்று பாடசாலைகளில் எங்களுக்கு மூன்றாமிடம். திரும்பும் பஸ்ஸில் அப்பா என்னை விட்டுத் தள்ளி யன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

படங்கள் பன்னிரண்டு. மற்றப் பிள்ளைகளின் சால்வை பறக்கிறது. என்னுடையது நேராகத் தொங்குகிறது. ஒன்றில்கூட நான் கெமராவைப் பார்க்கவில்லை. கறை படிந்த விரல்களால் ஓரத்தை மட்டும் பிடித்து அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் ஆடுறாங்க. நீ யாரடா பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒன்னயத்தாம்மா."

"நல்லதா ரெண்ட மட்டும் எடுத்துக்கங்க அண்ணி, மத்ததெல்லாம் வீண் செலவு" என்றார் சித்தப்பா.

"எல்லாம் இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அடுத்த மூன்று ஞாயிறும் அவள், பறித்த கிலோவுக்கு அன்றன்றே தரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். லீவு நாளில்கூட வீட்டில் இருப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு நான் சாப்பிடாமல் கிடந்தேன். ஃப்ளாஷ் வாடகையும் பன்னிரண்டு படங்களுமாகச் சேர்த்து, இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.