ஐஸ் லாரியைப் பார்க்க வருகிறார்கள்

பழைய வண்டிகளைப் படம் எடுப்பதில் இருக்கும் ஒரே தொல்லை, அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பதுதான். வண்டி தேமே என்று நிற்கும். சொந்தக்காரர் நிற்க மாட்டார். குறுக்கே வருவார், போஸ் கொடுப்பார், துடைப்பார், பூ வைப்பார். கேமராவும் கையுமாக அலையும் என் சக துர்பாக்கியசாலிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் ராயபுரத்தில் குடியிருக்கும் இல்லத்தரசி. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு கேமரா வாங்கினேன். பழைய வண்டி, வானத்தில் பறப்பது, கடற்கரை, தெரு என்று அகப்பட்டதை எடுப்பேன். கான்வென்டில் படித்தவள் ஆயிற்றே, அடக்கமாக எடுப்பாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே வாயை மூடு, மூடு என்று சொல்லிச் சொல்லியே எனக்கு நன்றாகத் திறந்துகொண்டது.

நெத்திலி

காசிமேட்டில் கன்னியப்பன் என்பவர் வீட்டு வாசலில் ஒரு மூக்கு லாரி நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். இஞ்சின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்து லாரி. ஐஸ் பேக்டரியிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி ஏற்றியே காலம் தள்ளிய வண்டி. உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி உடம்பெல்லாம் துரு. அந்தத் துருவில் ஆரஞ்சு, காவி, காப்பிக்கொட்டை என்று எத்தனை நிறம்! எனக்குக் கை பரபரத்தது. ஆனால் பானெட் முழுக்க நெத்திலி காயப் போட்டிருந்தது.

கன்னியப்பனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். லாரிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று முடியப் போகிறது, மறுபடி கிடைக்காது, திருவொற்றியூர் காயலான் கடைக்காரன் வெட்டி எடுத்துப்போகத் தயாராக இருக்கிறான் என்றார். "வண்டி போனா நானும் போன மாதிரிதான் மேடம். இந்த வயசுல எவன் எனக்கு ஸ்டியரிங் குடுப்பான்?" என்றார். மீனை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்களேன் என்றேன். அவர் மனைவி தேசம்மா வாசலிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. "வண்டி எப்பவும் இங்கதான் நிக்கும். வெயிலு இன்னிக்குதான் அடிக்குது. நீ மீனோட எடும்மா."

கண்டெய்னர் வரிசை

மீனோடு எடுத்த படத்தை, பழைய வண்டிப் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வளசரவாக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். சினிமா படப்பிடிப்புக்குப் பழைய வண்டிகளை வாடகைக்குக் கொடுப்பவர். வண்டி பிடித்தால் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வண்டி ரோட்டில் நிற்கிற மாதிரி ஒன்று, இஞ்சின் ஓடுகிற மாதிரி ஒன்று, படம் அனுப்பச் சொன்னார். கன்னியப்பனிடம் சொன்னபோது அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவி எடுக்க உள்ளே போனார்.

துறைமுகத்துச் சுவர் பின்னணியில் அருமையாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். காலியாக இருந்த ஓர் இடத்தைக் காட்டி நிறுத்தச் சொன்னதும் நான்தான். அது காலி இடம் இல்லை, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையின் வால் என்பது, எங்களுக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர் வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தடுப்பு. வரிசை நகர, நாங்களும் நகர்ந்தோம். என்னைப் பத்திரிகைக்காரி என்று நினைத்து டிரைவர்கள் ஆளாளுக்கு இறங்கி வந்து புலம்பினார்கள். சோறு இல்லை, கக்கூஸ் இல்லை, "இத்த மொதல்ல பேப்பர்ல போடும்மா" என்றார்கள். எல்லாம் நியாயமான புலம்பல்தான். எனக்குத்தான் பேப்பர் இல்லை. படம் நன்றாகவே வந்தது. ஆனால் வாசல் வரை போய்த்தான் திரும்ப முடிந்தது. அங்கே இருந்த காவலாளி லாரியை முன்னும் பின்னும் பார்த்தார், ஏறி நின்று உள்ளேயும் பார்த்தார். என் ஆங்கிலத்தைக் கடைசி வரை கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா, கண்டெய்னர் எங்க?"

மேலே பார்த்தது

இஞ்சின் ஓடும் படத்துக்கு எண்ணூர்க் கடற்கரை. இந்தத் தடவை தேசம்மாவும் லாரியில் ஏறிக்கொண்டாள். என்னோடு அனுப்பினால் புருஷன் எந்த வரிசையில் போய் நிற்பாரோ என்ற பயம். இஞ்சினில் ஏதோ கோளாறு, நின்றால் சுலபத்தில் கிளம்பாது, அதனால் ஓடும்போதே எடுத்துவிடுங்கள் என்று கன்னியப்பன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வண்டி நின்றது. இஞ்சின் உறுமியது. கறுப்புப் புகை, பின்னால் கடல். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். அப்போது பார்த்து முகத்துவாரத்தின் மேலாக ஒரு கடலோரக் காவல் ஹெலிகாப்டர் தாழப் பறந்து வந்தது.

என்னைப் போன்றவர்களுக்கு அந்த நிமிடத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கழுத்து தானாகத் திரும்பிவிடும். விசிறி அசையாமல் தெரிகிற மாதிரி எடுத்தால் பிரயோஜனமில்லை, சுழல்வது தெரிய வேண்டும் என்று நான் ஷட்டரோடு மல்லுக்கட்டி, திருப்தியாகக் கேமராவை இறக்கியபோது ஒரே அமைதி. இஞ்சின் அணைந்திருந்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கெஞ்சிக் கூட்டி வந்து, மணலிலிருந்து தார் ரோடு வரை தள்ளி, மறுபடி உயிர் வரவழைத்து எடுத்தோம். தள்ளியவர்களில் நானும் உண்டு. தேசம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஆகாசத்துல கீறதுல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுது. எங்கூட்டுக்காரரு இங்க உசுரக் குடுத்துகினு கீறாரே, அது தெரில?"

ஞாயிற்றுக்கிழமை

படங்கள் போன மறுநாளே வளசரவாக்கம் கூப்பிட்டது. அந்தத் துரு அபாரம் மேடம், ஞாயிறன்று நேரில் பார்க்க வருகிறேன் என்றார். கன்னியப்பனுக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். என் பிசகு அதுதான். இந்த வட்டாரத்தில் பாதி வாழ்க்கையைக் கழித்தவளுக்கு, 'பார்க்க வருகிறார்கள்' என்று சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் வாசலில் வேறு லாரி. ஆகாய நீலம். பக்கவாட்டில் மஞ்சள் கோடு. ஹெட்லைட்டுக்கு மேல் மை தீட்டிய புருவம். நெற்றியில் 'கடல் தாயே துணை'. பட்டை பட்டையாக விபூதி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம். கொருக்குப்பேட்டையிலிருந்து பெயிண்டரை வரவழைத்து, துருவை எல்லாம் சுரண்டித் தேய்த்து, இரவு பகலாக வேலை பார்த்திருக்கிறார்கள். நான் தெருவென்று பார்க்காமல் கத்தினேன். அந்த ஆள் கேட்டதே துருவைத்தான், அது ஒன்றுதான் இந்த வண்டியின் சொத்து, அதைப் போய்ச் சுரண்டி எறிந்தீர்களே என்றேன். கன்னியப்பன் புது பெயிண்டின் மேல் கையை வைத்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் குரலை இறக்கினேன். தேசம்மாவின் கையில் எப்போதும் கிடக்கும் வளையலைக் காணோம். அவள் மட்டும் குரலை இறக்கவில்லை. "பொண்ணு பாக்க வராங்கோன்னா, மூஞ்சிகூட கழுவாம கலீஜா கொண்டாந்து நிறுத்துவாங்களா? இன்னா பேச்சு பேசற நீ?"

வந்தவர்

வளசரவாக்கத்துக்காரர் காரிலிருந்து இறங்கி, நீல லாரியைத் தாண்டி நேரே தெருக்கோடி வரை நடந்து போய்விட்டார். நான்தான் ஓடிக் கூட்டி வந்தேன். கேமராவில் பழைய படங்களைக் காட்டி, நாட்டில் உள்ள மன்னிப்பு வார்த்தை எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொன்னேன். அவர் காதில் வாங்கவே இல்லை. பானெட்டைத் திறந்தார், அடியில் குனிந்து பார்த்தார், "யாரு ஓட்றது? ஒரு ரவுண்டு போங்க" என்றார். கன்னியப்பன் ஏறினார். அன்றைக்கென்று லாரி முதல் தடவையிலேயே கிளம்பியது. கிளட்சை ஒவ்வொரு கியருக்கும் இரண்டு தரம் மிதித்து, ஒரு சின்ன உறுமல்கூடப் பிசிறாமல், இரண்டு பக்கமும் மீன் கூடை வைத்திருந்த அந்தச் சந்தில் போய் அப்படியே பின்னாலேயே வந்து நிறுத்தினார்.

வந்தவர் கன்னியப்பனிடம் கேட்டது ஒன்றுதான்: ஷூட்டிங் என்றால் கூடவே வந்து நீங்களே ஓட்ட முடியுமா, எங்கள் பையன்களுக்கு இந்த கியர் பிடிபடுவதில்லை. கன்னியப்பன் தலையை ஆட்டினார், ஆட்டிக்கொண்டே இருந்தார். தேசம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள், கண்ணைத் துடைக்கப் போனாளா, டீ போடப் போனாளா தெரியாது. இரண்டும் நடந்திருக்கும். நான் விடவில்லை. "சார், அப்போ துரு?" என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "துருவா? அது எங்க பெயிண்டர் அரை நாள்ல அடிச்சுருவாரு மேடம். உங்க போட்டோவ மட்டும் அனுப்பி வையுங்க, அதப் பாத்து அப்படியே அடிக்கச் சொல்றேன்."

ஆக, பழசைப் பழசாகவே படம் பிடிப்பவள் நான் என்று இனி யாரிடமும் பெருமை அடித்துக்கொள்வதாக இல்லை, அதற்கும் டப்பாவும் பிரஷ்ஷுமாக ஓர் ஆள் இருக்கிறாராம்.