புதுப்பிக்காத லிஸ்ட்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் ஆபீஸில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தறிக்காரர்களுக்கு நெய்யக் கொடுத்த பாவு நூல், அவர்கள் நெய்து கொண்டுவந்த சேலை எல்லாம் அதில் ஏறும். ரிப்போர்ட்டில் ஒரு கட்டத்தை நகர்த்தினால் போதும், பக்கத்தில் பிரிவியூ தானாகப் புதுப்பிக்க ஆரம்பித்துவிடும். சக்கரம் சுற்றும். நான் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பேன். மேனேஜரோ, "பேரு கட்டத்த முன்னாடி தள்ளும்மா, இன்னும் என்னா பண்ணிக்கினு இருக்குற?" என்று உயிரை வாங்குவார்.

ஒரு டிக்கை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை நிற்கும் என்று ஒருநாள் கண்டுபிடித்தேன். அப்புறம் நாமாகப் பட்டனை அழுத்தினால்தான் புதுப்பிக்கும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜரிடம் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன்.

அமாவாசையன்று தறி ஓடாது. எங்கள் கடைக்கு அன்றுதான் சேலைகள் வரும், மறுநாள் அடுத்த பாவு கொடுப்போம். சேலை தராதவர்களுக்கு ஒரு லிஸ்ட். அதில் பெயர் இருந்தால் பாவு கிடையாது. அடுத்த அமாவாசை வரை அந்தத் தறி சும்மா கிடக்கும்.

அந்த அமாவாசையன்று லிஸ்ட்டைச் சரிசெய்து, பட்டனை அழுத்திப் பார்த்து முடித்த நேரத்தில் ஓரிக்கையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அவர் சேலையை வாங்கி ஏற்றினேன். திரும்பப் பட்டனை அழுத்தாமல், திரையில் இருந்ததை அப்படியே பிரிண்ட் எடுத்து மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பாவு வாங்க வந்த பெரியவரிடம் மேனேஜர், "உன் பேரு லிஸ்ட்ல இருக்குதே" என்றார்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "நேத்து உன் கையிலதானேம்மா குடுத்தேன்?"

அப்போதே எனக்குப் பொறி தட்டியது. ஆனால் பீற்றிக்கொண்ட வாய் எப்படி ஒத்துக்கொள்ளும்?

"சிஸ்டத்துல வரலைன்னு இருக்குதுங்க" என்றேன்.

அவர் வெறுங்கையோடு பஸ் ஏறப் போனார். நான் பட்டனை அழுத்தினேன். அவர் பெயர் லிஸ்ட்டிலிருந்து போய்விட்டது.

சாயங்காலம் மேனேஜரிடம், "அவரு சேலை ராக்குல இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் அவருடைய பாவை வேறு ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. "சரி, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு மாதம் தறி சும்மா கிடந்தபின் அவருக்குப் பாவு கிடைத்தது. அதை நெய்து கொண்டுவந்த அன்று, சேலையை மேஜைமேல் வைத்தார், கையை எடுக்கவில்லை.

"சேலை வாங்கிக்கினேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடும்மா" என்றார். "உன் கையாலயே எழுது."

எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் கையை எடுத்தார்.