துரைக்கு முன்னால் ஒரு நாற்காலி

பல்கலைக்கழக வேலை தேடி அலுத்துப்போன மண்ணியல் முனைவர் யோகமலர், ஒரு தேயிலைக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கும் விண்ணப்பித்திருந்தாள். மடுல்சீமைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டிலிருந்தே வீடியோவில் நேர்முகம். திரையில் கம்பெனித் தலைவர் தோன்றியதுதான் தாமதம், துரையைக் கண்டால் எழுந்து பழகிய தோட்டத்துக் கால்கள் தாமாகவே எழுந்துவிட்டன. அவருக்குத் தெரிந்தது சேலைக் கொசுவம்தான்.

"டாக்டர், உக்காருங்க. முகமே தெரியல," என்று சிரித்தார்.

உட்கார்ந்தவள் மலைமண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில், "எப்ப வேலைக்கு வர்றீங்க?" என்றார் தலைவர்.

"திங்கக்கிழமையே வர்றேன் சார்." குரல் துள்ளியது.

திரும்பிப் பார்த்தாள். கொழுந்து பறிக்கும் அம்மா பெரியாயி அவ்வளவு நேரமும் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். யோகமலர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தொரை போயிட்டாரா?"

"இருக்காரும்மா. நீ உக்காரு."