பூஜைக்கு அணைக்காத கம்ப்யூட்டர்

பீளமேட்டிலிருந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியிலிருந்த கடைப் பலகைகளை நின்று நின்று வாசித்தேன். சலூன், மருந்துக்கடை, பேக்கரி. எழுத்துகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அப்படியும் அடுத்த பலகையை விடாமல் பார்த்தேன்.

அன்று காலையில்தான், ஆயுத பூஜை முடிந்து, நான் டைப் அடித்துவந்த கல்யாணப் பத்திரிகைக் கடையைத் திறந்திருந்தோம். எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு, நிழலில் உட்கார்ந்து செய்யக் கிடைத்த முதல் வேலை அது. கடை நடத்திய அக்கா, பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டு, "சாமி கும்புட்ட மெஷினை அணைக்கக் கூடாது கண்ணு, வெளிச்சமா இருக்கட்டும்" என்றார். அப்படியே விட்டுப் போனோம்.

அதிலிருந்த தமிழ் எழுத்து சாஃப்ட்வேர், போன் லைன் வழியாகப் புதுசை இறக்கிக்கொள்ளட்டுமா என்று அடிக்கடி கேட்கும். ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்று அமுக்கிவிடுவேன். பூஜையன்று அமுக்க ஆளில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அதுவே இறக்கிக்கொண்டது.

பூஜை முடிந்து வந்த அந்தக் காலையில், அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகையைத் திரையில் திறந்தேன். மணப்பெண்ணின் பெயர் இருந்த இடத்தில் 'ஙழூ ஞெள' என்று நின்றது.

பெண்ணைப் பெற்றவர் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். காங்கேயத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கும் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்த பிறகுதான் வேறு யாருக்கும் கொடுப்பார்கள். பங்காளிகள் கோயிலில் வந்து காத்திருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, இது மலையாளமுங்களா?"

"தமிழ்தானுங்க."

"அப்ப எம்புள்ள பேரு எங்கீங்க?"

போன் வயரைப் பிடுங்கினேன். பழைய சாஃப்ட்வேர் இருந்த பிளாப்பியைப் போட்டால், புதுசு இருக்கிறது என்று ஏற்க மறுத்தது. புதுசை அழித்தேன், எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தன. திரும்ப ஏற்றி, முதலிலிருந்து அடிக்கப் பார்த்தேன். விசைகளும் மாறியிருந்தன. 'அ' அமுக்கினால் 'ழ' விழுந்தது. பழகிய விரல்கள் எனக்கே அந்நியமாகத் தெரிந்தன.

"இந்தப் பொட்டி ஏமாத்திப்போட்டா நம்ம களத்துக்கு வாங்க, தேங்கா உடைக்க ஆளில்லீங்க" என்று சிரித்தவர், பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்துவிட்டார். "சாமிக்கு ஒண்ணே ஒண்ணு கையில எழுதிக் குடுங்க."

"எங் கையெழுத்து கோழி கிண்டுனாப்பல இருக்குமுங்க."

"சாமி எப்படியோ படிச்சுக்கும். இதைச் சாமியாலயும் படிக்க முடியாதுங்க" என்று திரையைக் காட்டினார்.

எழுதினேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.

அந்த முகூர்த்தத்துக்கு அடித்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த அத்தனை பத்திரிகையும் அதே கதியென்று பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. வாடிய மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மெஷின் செரியானாச் சொல்லியனுப்பறேன் கண்ணு." சொல்லியனுப்ப எனக்கு ஒரு முகவரி இல்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காங்கேயத்தில் இறங்கிக் களத்தை விசாரித்துப் போனேன். "சாமிக்குப் பத்திரிகை வெச்சாச்சுங்க தம்பி, பூசாரி சத்தமாப் படிச்சாரு" என்றார் அவர். பிறகு அரிவாளை நீட்டி, வெயிலில் கிடந்த தேங்காய்க் குவியலைக் காட்டினார். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.