உருகாத தட்டு

கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக் குடம் ஒழுகினாலும் என் மாமாவைத்தான் தேடுவார்கள். அம்மாவின் தம்பி அவர். சிப்காட் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் வேலை. பழைய கத்தியை அடுப்பில் காய வைத்து விரிசல்மேல் இழுத்தால் போதும், குடம் உருகி ஒட்டிக்கொள்ளும். மாமாவால் ஒட்ட முடியாதது எதுவுமே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் நான் பந்தயம்கூடக் கட்டியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்திலிருந்து அத்தை வருவதாக இருந்தது. அப்பாவுக்கு அக்கா, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிற டீச்சர். ஏதோ ஒரு வளைகாப்புக்கு அம்மா கடைசி நேரத்தில்தான் சொன்னார் என்று அத்தைக்கு மனக்கசப்பாகி, அம்மாவும் அவரும் ரொம்ப நாளாகப் பேசிக்கொள்வதில்லை. அத்தை வாங்கிக் கொடுத்த பூப்போட்ட மெலமைன் தட்டுகளும் பரணுக்குப் போய்விட்டன. அன்றைக்கு அதிலேதான் அவருக்குப் பலகாரம் வைக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மாமா ஸ்டூலில் ஏறி இறக்கினார். ஒரு தட்டு கைநழுவி விழுந்து இரண்டாகிவிட்டது.

“போச்சுடா! நான்தான் வேணும்னே ஒடச்சேன்னு அண்ணி நெனைப்பாங்களே. மறுபடியும் ஆரம்பிச்சிடுமே!” அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அட, பிளாஸ்டிக்தானேக்கா? ரெண்டு நிமிசம்.”

கத்தி சிவக்கச் சிவக்கக் காய்ந்தது. தட்டு உருகவில்லை. மாமா விடவில்லை. விளிம்பு பழுப்பாகி, பிறகு கருப்பாகி, வீடெல்லாம் ஒரே நாற்றம். அந்த நேரம் பார்த்து வாசலில் அத்தை.

“என்னா, கருவாடு தீயுது?”

அத்தை உள்ளே வந்து, கருகிய துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏந்தம்பி, பிளாஸ்டிக் கம்பெனியில இருந்துகிட்டு மெலமைன உருக்கப் பாத்தியா? எங்க ஸ்கூல் பசங்களே தேவலாம் போ!”

மாமா முழித்த முழியைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டார். அத்தைக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அத்தை அன்று சொன்னதில் எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், பிள்ளைகளே. குடத்து பிளாஸ்டிக், பாலிமரில் சேர்க்கைப் பலபடி என்ற வகை. குட்டி மூலக்கூறுகள், எதையும் வெளியே விடாமல், ஒன்றோடொன்று கைகோத்து நீளமான சங்கிலிகளாகின்றன. சூடு பட்டால் சங்கிலிகள் வழுக்கி நகரும், அதனால் உருகும். மெலமைன் குறுக்கப் பலபடி. அதில் மூலக்கூறுகள் சேரும்போது துளித்துளியாகத் தண்ணீர் வெளியேறும். அதோடு, எல்லாப் பக்கமும் கைகோத்து வலை மாதிரி இறுகிவிடும். நகர இடமேது? கருகத்தான் செய்யும். மீன்வலை நைலானும் குறுக்கப் பலபடிதான். ஆனால் அது வெறும் சங்கிலி என்பதால் உருகிவிடும்.

அம்மாவும் அத்தையும் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். வடை வேகிற சத்தத்தையும் மீறி அவர்கள் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இன்னொரு தடவ காய்ச்சுங்க மாமா!”

“வேணாம்டா. வேல முடிஞ்சிடுச்சி.” மாமா அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

தட்டு இரண்டு துண்டாகவே தரையில் கிடந்தது. என்ன முடிந்தது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.