காதல் என்று நினைத்த படபடப்பு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பின்னே, யாருக்கு வாய்க்கும் அப்படியொரு புருஷன்! வீடுவீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். பைக்கில் பறக்கிற வேகத்தைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் றெக்கை. வீட்டுக்கு வந்தாலும் உட்காரமாட்டான். பாத்திரம் துலக்குவான், ஜன்னல் துடைப்பான், அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்படியில் ஆடுவான். சாப்பாடு மட்டும் இறங்காது. மார்பில் காதை வைத்தால் ரயில் ஓடும்.

"என்னங்க, இப்படி அடிச்சுக்குது?"

"உன்னைப் பார்த்தாலே இப்படித்தான்டி!"

அவள் உருகிப்போனாள். கண்ணைப் பார்த்தாள். கண்மணி இரண்டும் அகல விரிந்து கிடந்தன. பிடித்தவர்களைப் பார்த்தால் கண்மணி விரியும் என்று கடை முதலாளியம்மா சொல்லியிருந்தாள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அத்தானுக்கு உன்னைப் பார்த்தா விரியுமா, அக்கா?"

"அவருக்கு வாய்தான்டி விரியும், கொட்டாவி விடும்போது."

ஒருநாள் மத்தியானம் றெக்கையின் கூட்டாளி ஒல்லி கடைக்கு வந்தான்.

"அண்ணி, கூலிங் கிளாஸ் குடுங்க. வெயில் கண்ணைக் குத்துது."

மாட்டிவிடக் குனிந்தவள் திடுக்கிட்டாள். அதே கண்மணி! இத்தனை விளக்கு வெளிச்சத்திலும் சுருங்கவில்லை. கழுத்து நரம்பு படபடவெனத் துடித்தது.

அடப்பாவி, இவனுக்குமா என்மேல் காதல்?

"டேய், கூடப் பிறந்தவனா நினைச்சேனே உன்னை! வெக்கமா இல்ல?"

ஒல்லி விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயோ அண்ணி, இது மாத்திரை! ஒண்ணு போட்டா பசிக்காது, தூக்கம் வராது, பறக்கலாம். அண்ணனும் நானும் சேர்ந்துதானே போடறோம். சொல்லலையா?"

சிரித்தபடியே மார்பைப் பிடித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. நாற்காலியோடு சரிந்தான். முதலாளியம்மா மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள், ஆம்புலன்ஸும் வந்தது. உயிர் வரவில்லை. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம்!

அவள் அழ நிற்கவில்லை. பார்சல் கிடங்குக்கு ஓடினாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்ற றெக்கையின் கையிலிருந்து பைக் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

"ஏய், பைத்தியமா உனக்கு?"

"ஒல்லி போயிட்டான்! அந்த மாத்திரைதான்! நீங்களும் போட்டீங்களா இன்னிக்கு?"

அவன் முகம் வெளுத்தது. "ரெண்டு" என்றான். பிறகு, "பயமா இருக்குடி."

தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வெறும் மயக்கம் என்று அவன் மழுப்ப ஆரம்பித்தபோது, டாக்டரிடம் ஒன்று விடாமல் இவளே கொட்டினாள். மார்பெங்கும் ஒயர் ஒட்டினார்கள்.

"இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டர்.

மறுநாள் முழுக்க அவன் தூங்கினான். குறட்டையில் வார்டே அதிர்ந்தது.

"புரட்டிப் படுக்க வையேம்மா!" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர்.

"கையெடுத்துக் கும்பிடறேன் சார், எழுப்பிடாதீங்க!"

ஒல்லியை நினைத்து விசும்பினாள். குறட்டையைக் கேட்டுச் சிரித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, அவன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.