தாத்தா மருந்து குடிக்காத காலை

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் எங்கள் தாத்தா சாகக் கிடந்தார். வயிற்றில் கட்டி. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி வலி தெரியாமல் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று அம்மாவிடம் சொல்லி, சின்னப் புட்டியில் அபின் கரைத்த தண்ணீர் கொடுத்தார். காலையில் ஒரு கரண்டி, மத்தியானம் ஒரு கரண்டி. குடித்த சற்று நேரத்தில் தாத்தா உறங்கிவிடுவார்.

அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஏற்கெனவே பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போய்விடுவதால் பகலில் தாத்தா என் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயது. துணி மாற்றுவேன், உதட்டை நனைப்பேன், ஈ விரட்டுவேன். அம்மாவைப் போலவே அவரை அதட்டவும் செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அப்படிப் பிடிபடாமல் காட்டில் ஒளிந்திருந்த சித்தப்பா, இருமல் தாங்காமல் முதல் நாள்தான் வீட்டுக்கு வந்திருந்தார். காலையில் ஆள் பிடிக்கும் லாரியின் சத்தம் கேட்டதும் தாத்தாவின் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டார். நான் கோணிச் சாக்குகளை இழுத்து மறைத்தேன். துண்டை வாயில் அடைத்துக்கொண்டும் அவருக்கு இருமல் நிற்கவில்லை.

அது மருந்து வேளை. கரண்டியை நீட்டினேன். தாத்தா வாயை இறுக்கிக்கொண்டார்.

"குடிங்க தாத்தா, அம்மா ஏசும்."

"வேணாம் போ."

மறுபடி நீட்டினேன். தட்டிவிட்டார். மருந்து பாயில் கொட்டியது. லாரியைவிட அம்மாவை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

பக்கத்து வீட்டுக் கதவை உதைத்தார்கள். தாத்தா அலற ஆரம்பித்தார். அதுவரை அவர் முனகித்தான் கேட்டிருக்கிறேன்.

துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் வாசலில் நின்றான். பின்னால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி.

"வேற யாரு இருக்கா உள்ள?" என்றார் கிராணி.

"தாத்தா மட்டுந்தாங்கய்யா."

சிப்பாய் ஓரடி உள்ளே வைத்தான். சாக்கு லேசாக அசைந்தது. தாத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் உரக்கக் கத்திப் புரண்டார். படுக்கை நனைந்து நாற்றம் கிளம்பியது. பெரிய சீக்கு என்று கிராணி மலாயில் சொன்னார். சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியேறினான்.

லாரிச் சத்தம் தேய்ந்து மறைந்தபின் தாத்தா, "இப்பக் குடும்மா" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அப்பவே குடிச்சிருந்தா இவ்ளோ வலிச்சிருக்குமா?" என்று அதட்டியபடியே ஊற்றினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சித்தப்பா வெளியே வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

அம்மா வந்ததும் முதல் வேலையாகக் கோள் சொன்னேன். "மருந்தத் தட்டிவுட்டுட்டாரும்மா. அப்புறம் கத்து கத்துன்னு கத்துனாரு."

அம்மா அப்படியே நின்றார். "சித்தப்பா இருமுனாரா?"

"இருமிக்கிட்டேதான் இருந்தாங்க. தாத்தா போட்ட சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

அம்மா உறங்கும் தாத்தாவின் அருகில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் தாத்தா இறந்தபோதும், அம்மா அவருக்கு மட்டும் இப்படி இடம் கொடுத்துவிட்டாரே என்ற குறை எனக்குத் தீரவில்லை.